இல்லீங்க டாக்டர், வீட்டுச் சாப்பாடுதான்

சுகன்யாங்கறது நீங்கதானுங்களா? என் பேரு வசந்தாமணி. கடைவீதிக்குப் பின்னாடி சந்துல வீட்டுலயே சேலை வச்சு விக்கறேன். ஒரு தடவை உங்கம்மாவோட வந்து வாடாமல்லிக் கலர்ல ஒண்ணு எடுத்துட்டுப் போனீங்க. ஞாபகம் இல்லாட்டிப் பரவால்லைங்க, நான் இன்னைக்குச் சேலை விக்க வரலை. உங்க மாமனார் அங்கமுத்தண்ணன் விஷயமா வந்தேன். சர்க்கரை மாத்திரையெல்லாம் நிறுத்திட்டாராமே. கால்ல புண்ணு வேற ஆறாம இருக்குதுன்னாங்க. உள்ள படுத்திருக்காருங்களா? எழுப்ப வேண்டாம். முதல்ல உங்ககிட்டச் சொல்லிக்கறேன்.

டீயெல்லாம் வேண்டாம் அம்மணி, உக்காருங்க.

அவரு எதனால நிறுத்துனாருன்னு எனக்குத் தெரியும். திருவேங்கடம் டாக்டர் குடுத்த மாத்திரையில ஒரு பொம்பளை சாகக் கிடந்தான்னு கேட்டுட்டுத்தான் நிறுத்துனாரு. அந்தப் பொம்பளை என் நாத்தனார் கலாவதி, எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி. அவ சாகக் கிடந்தது நெசம். டாக்டராலதான் கிடந்தாங்கறது நெசமில்லைங்க. என்னாலதான்.

அப்படிப் பார்க்காதீங்க. நான் விஷமெல்லாம் வைக்கலை. அவளுக்கு நல்லது பண்ணணும்னுதான் நினைச்சேன். இதை எல்லாரும் சொல்லுவாங்கன்னு எனக்கும் தெரியும், இருந்தாலும் நெசம் அதுதான்.

இப்ப என்னைப் பார்த்தா நம்பமாட்டீங்க, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் எண்பத்தெட்டு கிலோ இருந்தேன். மாடிப்படி ஏறுனா நடுவுல நின்னு மூச்சு வாங்கணும். ஒருத்தங்க கீட்டோன்னு சொன்னாங்க. சோறு கிடையாது, இட்லி தோசை கிடையாது, பழம் கிடையாது, சர்க்கரை கண்ணுலயே காட்டக்கூடாது. முட்டை, பன்னீர், தோலோட கோழி, வெண்ணெய் போட்ட காபி. காலிபிளவரைத் துருவி வதக்குனா அதுதான் சோறு. முதல் வாரம் தலைவலியில செத்தேன். அப்புறம் எடை இறங்க ஆரம்பிச்சது பாருங்க, வளையல் தானா கழண்டு விழுந்துச்சு. ஜாக்கெட்டெல்லாம் பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சேன். சேலை எடுக்க வர்றவங்க சேலையைப் பார்க்கலைங்க, என்னையத்தான் பார்த்தாங்க. எப்படிக்கா, எப்படிக்கான்னு கேட்டாங்க. நானும் சொல்லிக் குடுத்தேன். வாட்ஸ்அப்புல ஒரு குரூப்பே ஆரம்பிச்சேன். காலையில எந்திரிச்சா யாராவது ஒருத்தி, அக்கா நான் கேரட் சாப்பிடலாமான்னு கேட்டிருப்பா. அதுக்குப் பதில் போடறதுல ஒரு சந்தோஷம் இருந்துச்சுங்க. நான் பத்தாவதோட நின்னவ. என்கிட்ட யாரு என்னத்தைக் கேட்டிருக்காங்க அதுவரைக்கும்?

உங்களுக்கும் ஒரு எட்டு கிலோ இறக்குனாப் போதும். விடுங்க, அதை விடுங்க. வாய் பழகிப்போச்சு.

கலாவதி சின்ன வயசுல கொடி மாதிரி இருப்பா. நான் கல்யாணமாகி வந்த புதுசுல, ஒரு விசேஷத்துல போட்டோ எடுக்கறப்ப, அண்ணி கொஞ்சம் ஓரமா நில்லுங்க, நாங்களும் தெரியணுமில்லன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவ அதை அன்னைக்கே மறந்திருப்பா. அப்புறம் அவளுக்கு ரெண்டு குழந்தை பிறந்து, சர்க்கரை வந்து, உடம்பும் போட்டுருச்சு. போன வருஷம் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிச்சப்ப என் வீட்டுக்கு வந்து, சேலையெல்லாம் ஒதுக்கி வச்சுட்டு, அண்ணி, நிச்சயத்துக்குள்ள எனக்கும் கொஞ்சம் இறங்கணும், சொல்லிக் குடுங்கன்னு கேட்டா. இருபத்தஞ்சு வருஷத்துல அவ என்கிட்டக் கேட்ட முதல் உதவி அது. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைக்கறீங்க.

தினமும் அவளுக்கு நானே சமைச்சு டப்பாவுல போட்டு அனுப்பினேன். காலையில ரெண்டு முட்டை, வெண்ணெய்க் காபி. மத்தியானம் கோழியோ பன்னீரோ. ஒரு நாள் போனப்ப அவ சமையக்கட்டுல நின்னுட்டு மகளோட தட்டுல இருந்து ஒரு வாய் தயிர் சோறு எடுத்தா. கையைப் பிடிச்சுட்டேன். அவ சிரிச்சுட்டே கையைக் கழுவிட்டா. சொன்ன பேச்சைக் கேட்டாங்க அவ. எல்லாத்துலயும் கேட்டா.

அந்தச் சமயத்துலதான் திருவேங்கடம் டாக்டர்கிட்ட மாசாந்திரப் பரிசோதனைக்குப் போனோம். அவ புருஷன் நாச்சிமுத்தண்ணனுக்கு மில்லுல லீவு கிடைக்கலை, நான் கூடப் போனேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தாரு. பழைய மாத்திரையில அடங்கலை, புதுசா ஒண்ணு சேர்க்கறேன்னாரு. இந்த மாத்திரை சர்க்கரையை ஒண்ணுக்கு வழியா வெளியேத்திரும், தண்ணி நிறையக் குடிக்கணும், பட்டினி கிடக்கக் கூடாது, காய்ச்சலோ வாந்தியோ வந்தா மாத்திரையை நிறுத்திட்டு நேரா இங்க வந்துரணும்னாரு. எல்லாம் சொன்னாருங்க. அவசரமே படலை. எழுதப்போனவர் பேனாவை நிறுத்திட்டு, டயட்டு கியட்டு ஏதாச்சும் இருக்கீங்களா, சோத்தை நிறுத்திட்டீங்களான்னு கேட்டாரு.

கலா என்னைத் திரும்பிப் பார்த்தா.

நான் சொன்னேன். இல்லீங்க டாக்டர், வீட்டுச் சாப்பாடுதான். சோறு மட்டும் கொஞ்சம் கம்மி.

ஏன் அப்படிச் சொன்னேன்னு கேக்கறீங்களா? சொன்னா நிறுத்தச் சொல்லிருவாரு. எனக்கே முன்னாடி ஒரு தடவை, பார்த்துப் பண்ணுங்கம்மா, நடுநடுவே ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கங்கன்னு சொல்லியிருந்தாரு. டாக்டர்களுக்கு இதெல்லாம் பிடிக்காதுன்னு எங்க குரூப்புல நானே எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கேன். அதுவுமில்லாம அவளுக்கு அப்பத்தான் நாலு கிலோ இறங்கியிருந்துச்சு. நடுவுல நிறுத்துனா எல்லாம் வீணாப்போயிருமேன்னு பட்டுச்சு. வேற ஒண்ணும் நினைக்கலைங்க. நினைக்கற அளவுக்கு நேரமும் இல்லை, பட்டுனு வாயில வந்துருச்சு. டாக்டர் தலையாட்டிட்டு எழுதிக் குடுத்துட்டாரு.

ஒரு பத்து நாள் போயிருக்கும். கலாவுக்கு வாந்தி. உடம்பு வலி, வயித்து வலி. எழுந்து நிக்க முடியலைன்னு போன் பண்ணினா. போய்ப் பார்த்தேன். அவ வீட்டு மெஷின்ல விரலைக் குத்திப் பார்த்தேன், சர்க்கரை நூத்தி அறுபதோ என்னமோ காட்டுச்சு. எப்பவும் முந்நூறு காட்டற மெஷினுங்க அது. எனக்குச் சந்தோஷம் தாங்கலை. பாரு, சர்க்கரை இறங்கிருச்சு, உடம்பு மாறுது, எனக்கும் முதல்ல இப்படித்தான் இருந்துச்சுன்னு சொன்னேன். எலுமிச்சம்பழத்துல உப்புப் போட்டுக் கரைச்சுக் குடுத்தேன். மாத்திரையையும் நிறுத்த வேண்டாம், நல்லா வேலை செய்யுதுன்னேன். அவளும் சரின்னு படுத்துக்கிட்டா.

மறுநாள் காலையில போனா அவ மூச்சு வாங்கறா. ஓடி வந்தவங்க மாதிரி, படுத்த இடத்துலயே. கிட்டப் போனா வாயில இருந்து அழுகின பழ வாசனை. கலான்னு கூப்பிட்டேன். செத்துப்போன அவ அம்மான்னு நினைச்சுட்டு, என்னைப் பார்த்து அம்மான்னு கூப்பிட்டா.

கோயம்புத்தூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஐசியூவுல சேர்த்துட்டாங்க. சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தங்க, உங்க வயசுதான் இருக்கும், வெளிய வந்து நாச்சிமுத்தண்ணன்கிட்டக் கேட்டாங்க. சர்க்கரை அதிகமா இல்லை, ஆனா ரத்தத்துல அமிலம் ஏறிக் கிடக்குது, சாப்பாடு என்ன சாப்பிட்டாங்கன்னு கேட்டாங்க. அண்ணன் பாவம், எல்லாம் சாப்பிடுவாங்க மேடம், உடம்பு இளைக்கக் கொஞ்சம் கம்மி பண்ணியிருந்தாங்கன்னாரு. அவருக்கு அவ்வளவுதான் தெரியும். டப்பாவுல நான் என்ன குடுத்து விட்டேன்னு அவரு திறந்து பார்த்ததில்லை.

டாக்டரம்மா உள்ள திரும்பினாங்க. நான் பின்னாடியே போயி, கதவுகிட்ட நிறுத்திச் சொல்லிட்டேன். ஒரு மாசமா மாவுச்சத்தே இல்லைங்க, கீட்டோங்க, நான்தான் குடுத்தேன்னு. அவங்க நின்ன இடத்துலயே கண்ணை மூடித் திறந்தாங்க. அந்த மாத்திரையோட இந்தச் சாப்பாடு சேரவே கூடாதும்மா, உடம்பு கொழுப்பை மட்டுமே எரிச்சு எரிச்சு அமிலம் சேர்ந்துபோச்சு, மெஷின்ல சர்க்கரை ஏறாததனால வீட்டுல யாருக்கும் ஆபத்து தெரியாதுன்னாங்க. இப்ப குளுக்கோஸும் இன்சுலினும் சேர்த்து ஏத்தணும்னாங்க. சர்க்கரைக்காரிக்குக் குளுக்கோஸுங்களான்னு கேட்டேன் நான், அந்த நேரத்துலயும். ஆமாம்மா, அதுதான் இப்ப அவங்களுக்கு மருந்துன்னாங்க.

ஒரு மாசமா நான் அவ கிட்டயே அண்டவிடாத சர்க்கரை, பாட்டில்ல தொங்கிட்டு அவ கையில சொட்டுச் சொட்டா இறங்குச்சு. கண்ணாடி வழியாப் பார்த்துட்டே நின்னேன்.

பிழைச்சுட்டாங்க. மூணாவது நாள் கண்ணு முழிச்சு மகளைக் கேட்டா. டாக்டரம்மா எல்லாரையும் கூப்பிட்டு விவரமாச் சொன்னாங்க. மாத்திரையும் சாப்பாட்டு முறையும் சேர்ந்துதான் இப்படி ஆச்சு, இனிமே அந்த மாத்திரை வேண்டாம், டாக்டரைக் கேக்காம எந்த டயட்டும் கூடாதுன்னு. அண்ணன் காதுல மாத்திரை மட்டும்தான் விழுந்துச்சு. திருவேங்கடம் குடுத்த மாத்திரைதானேன்னு பல்லைக் கடிச்சாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். திருத்தலை. அவ பிழைச்சதே போதும், இப்ப எதுக்கு இதுன்னு நினைச்சுட்டேன்.

அதுக்கு மேல ஒண்ணு நடந்துச்சுங்க, அதைச் சொல்லத்தான் நாக்கு வரமாட்டேங்குது. கலா வீட்டுக்கு வந்த பிறகு அண்ணன் நேரா திருவேங்கடம் டாக்டர் கிளினிக்குக்குப் போனாரு. எங்க வீட்டுக்காரரும் நானும் பின்னாடி ஓடினோம். வெளிய பெஞ்சு நிறைய ஆளுக. அத்தனை பேரு முன்னாடி அண்ணன் கத்துனாரு. என் பொண்டாட்டியைக் கொல்லப் பார்த்தியே, நீயெல்லாம் டாக்டரான்னு கேட்டாரு. டாக்டர் எழுந்து நின்னாரு. அறுபது வயசுக்கு மேல ஆச்சு அவருக்கு. அண்ணனை விட்டுட்டு என்னைத்தான் பார்த்தாரு. நான் கேட்டேனேம்மான்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

நான் கையில இருந்த பையைப் பார்த்துட்டு நின்னேன்.

அதுக்கப்புறம் உங்களுக்கே தெரியும். ஊரு எவ்வளவு பெருசு? உங்க மாமனார் காதுக்கும் வந்துருச்சு.

எனக்குச் சாப்பாடு இறங்கலை. ஒரு நாள் தனியா டாக்டர்கிட்டப் போனேன். மன்னிப்புக் கேக்கத்தான் போனேன். உள்ள போனதும் வாயில வந்தது வேற. எனக்கும் ஒரு டெஸ்ட் எடுக்கணுங்க, கீட்டோ உடம்புக்குக் கெடுதலுங்களான்னு கேட்டேன். அவரு கோபப்படலை. ரத்தம் எடுத்தாரு, மறுநாள் வரச்சொல்லி ரிப்போர்ட்டை வச்சுட்டு நிதானமாப் பேசுனாரு. எடை குறைஞ்சது நல்லதும்மா, பிரஷர் இறங்கியிருக்கு, முட்டிவலி போயிருக்கு, அதெல்லாம் இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா கெட்ட கொழுப்பு ஏறியிருக்கு. கிட்னியில கல்லு வரலாம், தண்ணி குடிங்க. காயும் கீரையும் பத்தலை, மலச்சிக்கல் இருக்குமேன்னாரு. இருந்துச்சுங்க, யாருகிட்டயும் சொன்னதில்லை. கீட்டோ விஷமில்லைம்மா, மருந்துக்கு அடங்காத வலிப்பு வர்ற குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியிலேயே அளந்து குடுக்கறாங்க, கூடவே இருந்து பார்த்துக்கறாங்க. உங்களுக்குச் சர்க்கரை இல்லை, மாத்திரை இல்லை. அவங்களுக்கு இருந்துச்சு. ஒருத்தருக்குச் சேர்ந்தது இன்னொருத்தருக்குச் சேரணும்னு இல்லைன்னாரு.

அப்பத்தான் கேட்டேன். தப்பு என் மேலதானுங்களான்னு.

அவரு ரிப்போர்ட்டை மூடி வச்சாரு. என் மேலயும் உண்டும்மா, நான் உங்க நாத்தனார் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கணும், நீங்க பதில் சொன்னதும் அதையே எடுத்துக்கிட்டேன், அதை நினைச்சா எனக்கும் தூக்கம் வரமாட்டேங்குதுன்னாரு.

எனக்குப் பாரம் இறங்குன மாதிரி இருந்துச்சு. நெசமாத்தான் சொல்றேன். டாக்டரே சொல்லிட்டாரு பாருன்னு வீட்டுக்கு வந்து ரெண்டு தட்டு சாப்பிட்டேன். மன்னிப்புக் கேக்காமயே வந்துட்டேங்கறது கையைக் கழுவறப்பத்தான் உறைச்சது.

போன வாரம் கலா மகளுக்கு நிச்சயம். மண்டபத்துல பந்தி நடக்குது. நாச்சிமுத்தண்ணன் இலைக்கு முன்னாடி உக்காந்து மாப்பிள்ளை வீட்டாருக்கு அந்தக் கதையைச் சொல்றாரு. டாக்டர் எப்படி மாத்திரை குடுத்தான், இவ எப்படிக் கிடந்தா, அண்ணி கூடவே இருந்து எப்படிக் காப்பாத்துனாங்கன்னு. எல்லாரும் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. நான் கையில பச்சடி வச்சுட்டு நிக்கறேன். அப்ப ஒருத்தர் சொன்னாரு, நம்ம அங்கமுத்தண்ணன் கூட இதைக் கேட்டுட்டு மாத்திரையெல்லாம் தூக்கிப் போட்டுட்டாரு, நல்ல வேளைன்னு. இன்னொருத்தர், ஆனா அவருக்குக் கால்ல புண்ணு ஆறமாட்டேங்குதாமேன்னாரு.

பச்சடியைக் கீழ வச்சுட்டேன். அண்ணா, டாக்டர் மேல தப்பில்லைங்க, டயட்டு இருக்காங்களான்னு அவரு கேட்டாரு, இல்லைன்னு பொய் சொன்னது நான்தான்னு சொன்னேன். மெதுவாச் சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன், பந்தி முழுக்கக் கேட்டுருச்சு.

அண்ணன் கையில எடுத்த சோத்தை இலையில போட்டுட்டு எழுந்து போயிட்டாரு. கலா மட்டும் எதிர் வரிசையில இருந்து, அன்னைக்கு டாக்டர் முன்னாடி நானும் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன், எனக்கு வாய் இல்லையான்னா. அதோட பந்தி மறுபடியும் ஆரம்பிச்சுருச்சு. கல்யாணம் நிக்கலைங்க, அது ஒண்ணு ஆண்டவன் புண்ணியம்.

அவ அப்படிச் சொன்னதும் மன்னிச்சுட்டான்னு நினைச்சேன். கை கழுவற இடத்துல கிட்டப் போனேன். அவ குழாயைத் திறந்து விட்டுட்டு, என்னைப் பார்க்காமயே பேசுனா. அண்ணி, டாக்டர்கிட்டப் பொய் சொன்னதுல எனக்கும் பங்கு இருக்குது, அதை விடுங்க. வாந்தி எடுத்த அன்னைக்கு, டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்கன்னு உங்க கையைப் பிடிச்சுக் கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன். அதுதான் எனக்கு மறக்கமாட்டேங்குதுன்னா.

ஆமாங்க. கேட்டா. உங்ககிட்ட முதல்ல சொன்னப்ப அதை விட்டுட்டேன். எங்க வீட்டுக்காரருகிட்டயும் விட்டுட்டேன், அந்த டாக்டரம்மாகிட்டயும் விட்டுட்டேன். மறைக்கணும்னு இல்லைங்க. எப்பச் சொன்னாலும் அந்த இடம் வர்றப்ப வாய் தானாத் தாண்டிப் போயிருது. அவ சரின்னு படுத்துக்கிட்டான்னு சொன்னேனில்லைங்களா. அவ சரின்னு சொல்லலை. சொல்லத் தெம்பில்லாம படுத்தா.

மறுநாளே திருவேங்கடம் டாக்டர் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை சுத்தி வளைக்கலை. மன்னிச்சுருங்கன்னேன். கலா கேட்டும் நான் கூட்டிட்டு வரலைங்கறதையும் சொன்னேன். அவரு, எங்கிட்டக் கேட்டது போதும்மா, அங்கமுத்து எப்படி இருக்காரு, அவரை வரச்சொல்லுங்கன்னாரு. நாச்சிமுத்தண்ணனும் ஒரு நாள் அவரைப் போய்ப் பார்த்தாருன்னு கேள்வி. என்ன பேசிக்கிட்டாங்கன்னு தெரியாது. என்கூட அண்ணன் இன்னும் பேசறதில்லை. கலா பேசறா, போன் பண்ணுனா எடுக்கறா. ஆனா டப்பா கொண்டு வரட்டுமான்னு கேட்டா, வேண்டாம் அண்ணின்னுட்டா. குரூப்பைக் கலைச்சுட்டேன். சர்க்கரை, பிரஷர்னு மாத்திரை சாப்பிடறவங்க அத்தனை பேருக்கும் தனித்தனியாப் போன் பண்ணி, டாக்டரைப் பாருங்கன்னு சொல்லிட்டேன்.

உங்க மாமனாருக்கு என்ன மாத்திரைன்னு எனக்குத் தெரியாதுங்க. அந்த மாத்திரையாவே இருந்தாலும், எதை வச்சுக்கணும், எதை நிறுத்தணும்னு சொல்ல வேண்டியது டாக்டர். நானும் இல்லை, ஊரும் இல்லை. கால் புண்ணை மட்டும் தள்ளிப் போட்டுராதீங்க அம்மணி.

சாயங்காலம் கிளினிக் இருக்குது. இந்தப் பேச்சு கிளம்புனதுல இருந்து அங்க கூட்டமில்லை, போனதும் பார்த்துரலாம். ஆட்டோவுக்குச் சொல்லிட்டுத்தான் வந்தேன், நானும் கூட வர்றேன். அவருக்குக் கூச்சமா இருக்கும், வயசானவரு. எப்ப நிறுத்துனாரு, எதனால நிறுத்துனாரு, புண்ணு எத்தனை நாளா இருக்குதுன்னு டாக்டர்கிட்ட நானே தெளிவா எடுத்துச் சொல்லி…

இல்லைங்க. வேண்டாம். அவரே சொல்லட்டும். நீங்களும் பக்கத்துல உக்காந்துட்டுப் பதில் சொல்லிராதீங்க. எவ்வளவு நேரம் யோசிச்சாலும் சரி, அவரு வாயில இருந்தே வரட்டும். நான் வெளிய பெஞ்சுல உக்காந்துக்கறேன்.